சுத்தமான டேப்

அந்தப் பெட்டியை நினைத்தாலே இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. தோல் வார் போட்டது, செங்கல் கனம் இருக்கும். உள்ளே ஒரு டேப் சுற்றும். மாரடைப்பு வந்து பிழைத்தவர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க வழக்கம்போல் நடமாட வேண்டும். நெஞ்சில் ஒட்டிய கம்பிகள் வழியாகத் துடிப்பு பதிவாகும். மறுநாள் அதை ஓட்டிப் பார்த்து, எங்கே தடுமாறியது என்று குறிப்பது என் வேலை. சிங்கப்பூரில் எண்பதுகளின் தொடக்கம். எங்கள் பிரிவுக்குத் தலைவர் பெரிய டாக்டர். செத்தவரைக் குறை பேசக்கூடாது என்பார்கள். நான் பேசுவேன்.

அவருக்கு டேப் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தடுமாற்றத்தை அடக்க ஒரு புது மாத்திரை வந்திருந்தது. அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். மாத்திரைக்குப் பிறகும் தப்புத் துடிப்பு தெரிந்தால் நோயாளிக்குத்தான் திட்டு. "ஒழுங்கா மருந்து சாப்டீங்களா இல்லையா? என் டைமை வேஸ்ட் பண்ணாதீங்க லா!" ஏதோ அவர்கள் வேண்டுமென்றே இதயத்தைக் கோணலாக அடிக்க விட்டதுபோல.

சிராங்கூன் சாலையில் பாத்திரக்கடை வைத்திருந்த பாய் அப்படித்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஐம்பது தாண்டிய மனிதர், பத்துப் பேர் முன்னால் தலைகுனிந்து நின்றார். மாத்திரையின் அளவு கூடியது. அடுத்த முறை அவர் டேப் பளிங்குபோல் வந்தது. நான் அதை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நடப்பவர், குனிபவர் டேப்பில் உடல் அசைவுக்கு ஏற்பக் கோடு நடுங்கித் தெரியும். பாயின் டேப்பில் பகல் முழுக்க ஒரு நடுக்கமும் இல்லை.

வராந்தாவில் அவரை மடக்கிக் கேட்டேன். "பாய், உண்மையச் சொல்லுங்க. அன்னிக்கு என்ன செஞ்சீங்க?"

"கட்டில்ல ஆடாம அசையாம படுத்திருந்தேன், தங்கச்சி. டேப் கெட்டுப்போனா டாக்டர் மறுபடி ஏசுவாரு. இந்த மாத்திரைக்கு அப்புறம் படி ஏறினா கண்ணு இருட்டுது. அவருகிட்ட சொல்லிடாதீங்க."

கிளமெண்டி அடுக்குமாடியில் லிஃப்ட் சில தளங்களில்தான் நிற்கும், அவர் வீட்டுத் தளத்தில் நிற்காது. தினமும் இரண்டு மாடி ஏறியாக வேண்டும்.

உடனே டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையே அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, படியேற வைத்து இன்னொரு டேப் எடுக்கலாம் என்றேன். மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ டேப் ஓட்டுற ஆளு. டாக்டர் யாரு, நீயா நானா?" பிறகு பாயைக் கூப்பிட்டு என் முன்னாலேயே தோளைத் தட்டினார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்! இனி பயமே வேணாம். மாடி ஏறுங்க, சாமான் தூக்குங்க."

ஏறாதீங்க என்று நான் பாயிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வாரத்தில் பாய் வீட்டுப் படியில் விழுந்து இறந்துபோனார்.

சில ஆண்டுகள் கழித்து வெளிநாட்டிலிருந்து செய்தி வந்தது. அத்தகைய மாத்திரைகள் டேப்பைச் சுத்தமாக்கினவாம், மாரடைப்பு கண்ட சிலரின் இதயத்தை நிறுத்தியும் விட்டனவாம். பெரிய டாக்டர் சத்தமில்லாமல் மருந்தை மாற்றினார். "நான் எப்பவுமே கேர்ஃபுல்" என்று கூட்டத்தில் வேறு சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம்! இப்போது ஸ்டெம் செல் என்கிற மூல உயிரணுக்களைச் செலுத்திச் செத்த இதயத் தசையை வளர்க்கப் பார்க்கிறார்களாம். அதனால் துடிப்பு தடம் புரளுமா என்றும் கருவி வைத்துக் கவனிக்கிறார்களாம். நல்லது, கவனிக்கட்டும். நோயாளி டாக்டருக்குப் பயந்து படுத்துக் கிடந்தால் எந்தக் கருவி என்ன செய்யும்?

அந்தச் செய்தியெல்லாம் வருவதற்கு முன்பு, பாய் இறந்த நாற்பதாம் நாள் கழிந்து, அவர் மனைவி எங்கள் பிரிவுக்கு வந்தார். தூக்குச்சட்டி நிறைய நெய்ச்சோறு, டாக்டருக்கு நன்றி சொல்ல. "முன்னெல்லாம் கண்ணு இருட்டுதுன்னு படியில உக்காந்து உக்காந்துதான் வருவாரு, தங்கச்சி. டாக்டர் பயப்பட வேணாம்னு சொன்னதும், எங்கேயும் உக்காராம ஏறினாரு. கடைசி நாளும் அப்படித்தான்."

டாக்டர் தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த அம்மா எனக்கும் ஒரு தட்டில் பரிமாறினார். நானும் சாப்பிட்டேன்.