கறி நாரும் கல்யாணப் பூசையும்

ராத்திரி சாப்பிட்ட பிறகு பல்லிடுக்கைச் சுத்தம் செய்யாமல் நான் படுப்பதே இல்லை. தென்னங்கீற்றிலிருந்து புது ஈர்க்கு ஒன்றை உருவி, இடுக்கு இடுக்காய்க் குத்தியெடுத்து, வாய் வலிக்கக் கொப்பளித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். "அம்மாவுக்கு என்ன சுத்தம்!" என்று பிள்ளைகள் பெருமையடித்துக்கொள்வார்கள். சுத்தமாவது மண்ணாங்கட்டியாவது! எல்லாம் வெட்கம். என் கல்யாணத்தன்று பட்ட வெட்கம்.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து, ஆவூர்ப் பக்கத்தில் எனக்குக் கல்யாணமானது. கத்தோலிக்க வேதக்காரர்களான எங்களுக்கு அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது. பூசையில் நன்மை வாங்குவதென்றால், அதாவது சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை வாங்குவதென்றால், நடுராத்திரிக்குப் பிறகு ஒன்றும் உள்ளே போகக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூட ஆகாது. மீறி வாங்கினால் சாவான பாவம். கல்யாணப் பூசையிலோ பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து நன்மை வாங்கியாக வேண்டும். வாங்காத பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எவனிடமோ கெட்டுப்போயிருக்கிறாள், அந்தப் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கவும் வாய் வரவில்லை என்றுதான் பேசும்.

முதல்நாள் ராத்திரி எங்கள் வீட்டில் கறிச்சோறு. கிடாய் நல்ல முற்றல். ஒரு நார் கடைவாய்ப் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. நாக்கால் துழாவினேன், நகத்தால் நோண்டினேன், ம்ஹூம். வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள். கல்யாணப் பெண் அத்தனை பேர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு பல் குத்த முடியுமா? அப்படியே படுத்துவிட்டேன்.

விடியற்காலையில் கொல்லைப்பக்கம் போய் வேப்பங்குச்சியால் பல் தேய்த்துவிட்டு, ஈர்க்கால் அந்த இடுக்கைக் குத்தினேன். நார் கழன்றது. துப்பப் போகிற நேரம் பார்த்து என் சித்தி வீட்டுக்குள்ளிருந்து, "எங்கிட்டுடி போனா பொண்ணு? சேலை கட்ட நேரமாச்சு!" என்று ஒரு சத்தம் போட்டாள். திடுக்கிட்டு விழுங்கிவிட்டேன்.

விரலை விட்டு ஓங்கரித்துப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். உபவாசம் முறிந்தது என்று நானே முடிவுகட்டிவிட்டேன். யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவாள். சாமியாரோ பூசை உடுப்போடு நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க அவரிடம் போய், "சாமி, கறி முழுங்கிட்டேன்" என்றா சொல்வது?

தாலி ஏறியது. நன்மை வாங்கும் நேரம் வந்ததும் இருவரும் பீடத்தின் முன்னிருக்கும் கிராதியருகே முழந்தாளிட்டோம். மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். சாமியார் என் முன்னால் வந்து நின்றார். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு நகர்ந்துபோனார். பெண்கள் பக்கம் கிசுகிசுவென்று பேச்சு கிளம்பியது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

மாட்டுவண்டியில் தன் ஊருக்குப் போகும்போது என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "ஒனக்கு மனசுல வேற யாரும் இருக்காகளா?"

"ஆத்தாடி, அப்படியெல்லாம் இல்லைங்க. கறி..."

"என்ன கறி?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முழுவதையும் சொன்னேன். அவர் வண்டி குலுங்கச் சிரித்தார். "அடி கூறுகெட்டவளே! சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் கேட்டேன். முதல்நாள் சாப்பிட்டுப் பல்லில் ஒட்டியிருந்தது தன்னையறியாமல் உள்ளே போனால் உபவாசம் முறியாது என்றார். அடச்சீ! இதற்காகவா என் மானத்தைக் கப்பலேற்றினேன்? கோயிலுக்கு வெளியே நின்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஊருக்குப் போன அன்றே தன் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லியிருந்தார். மாமியார் முகம் கோணவில்லை. "இதுக்கா அழுதே? விடு ஆத்தா" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிடுவதென்ன, மீன்குழம்பு என்றால் நடுத்துண்டை எனக்கென்று எடுத்து வைப்பதென்ன! பெற்ற தாய்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. நம்பிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த மாதம் ஒருநாள் காலையில், அடுப்படியில் இருந்தவரிடம் போய், "அத்தை, தூரமாயிட்டேன்" என்றேன். புது மருமகள் வந்து வீட்டுவிலக்கு என்று சொன்னால், பேரப்பிள்ளை தள்ளிப்போகிறதே என்று எந்த மாமியாருக்கும் முகம் சுண்டிப்போகும். இவருக்கோ போன உயிர் திரும்பி வந்ததுபோல முகம் மலர்ந்தது. கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாதாவே! அப்ப மெய்யாலுமே கறிதான்."

கோயிலில் அத்தனை பேர் முன்னால் தலையாட்டியபோதுகூட எனக்கு அவ்வளவு கூசவில்லை.