பதிவுப் பெட்டிக்குக் காவல்

கலந்தர்லெப்பை சாய்ந்தமருதில் டீவி திருத்துகிறவர். சுனாமியில் உப்புத் தண்ணீர் குடித்த பெட்டிகளைக்கூடப் பேச வைத்தவர். அல்லாஹ் அப்படியொரு கைராசியைக் கொடுத்திருந்தான்.

யுத்தம் முடிந்த வருஷத்து நோன்பில், அவருடைய பெண்சாதியின் தம்பி றிபாய்தீன் கம்பியூட்டருக்குள் டீவி படத்தைப் பிடிக்கும் கார்ட் ஒன்றைப் பொருத்தி, தறாவீஹ் என்ற நோன்பு இரவுத் தொழுகை நேரத்து நாடகத்தைப் பதிவு செய்தார். தொழுதுவிட்டு அயல் பெண்களெல்லாம் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். பெண்சாதி ஸுலைஹாவும் போனாள்.

"என்ட தம்பிட மூளையப் பாருங்களன்" என்று அவள் வந்து சொன்னபோது கலந்தருக்கு வயிறு எரிந்தது.

பழைய கம்பியூட்டர் ஒன்றை வாங்கி, மச்சினனுடையதைவிடப் பெரிய பதிவுப் பெட்டியாகச் செய்தார். முதல் நாள், பதிவு இடையில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் பக்கத்திலேயே இருந்துவிட்டார். தொழுகை முடிந்து ஸுலைஹாவும் தம்பியும் வந்தார்கள்.

"மச்சான், பள்ளியில காணல்லியே?" என்றார் றிபாய்தீன்.

"இதப் பார்த்துக்கிட்டு இருந்தன்."

"நாடகத்தையா?" ஸுலைஹா சிரித்தாள். "அப்ப பெட்டி என்னத்துக்கு? தம்பி அவன்ட பெட்டியப் பதிவுல போட்டுட்டு முதல் சஃப்புல நிண்டிருக்கான்."

படம் தெளிவாகத்தான் பதிவாகியிருந்தது. கலந்தர் அதைப் போட்டுக் காட்டவில்லை.

மறுநாள் பதிவைத் தொடக்கிவிட்டு, பாங்குக்கு முன்பே பள்ளிக்கு ஓடினார். முதல் வரிசையில், றிபாய்தீன் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே போய் நின்றுகொண்டார்.