வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வராத பெயர்

2009 ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, லொரேட்டா நுங்கராயி ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவன ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உள்ள எங்கள் வானொலி நிலையத்துக்குச் சண்டை போட வந்தார். சிறையில் இருந்த தன் தம்பிக்கு வீட்டிலிருந்து சொல்லி அனுப்பிய வாழ்த்தை அறிவிப்பாளர் வேறு யாரோ ஒருவன் பெயரில் வாசித்துவிட்டார் என்பது வழக்கு. நிலைய மேலாளர் பிரெண்டன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீயே வந்து வாசியேன்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து வாசித்தார். இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை அவருடைய நிகழ்ச்சி. வெளியே இருப்பவர்கள் தொலைபேசியில் அழைத்து உள்ளே இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்வார்கள், ஒரு பாட்டுக் கேட்பார்கள். பாலைவனத்துப் பட்டிக்காடுகளிலிருந்து எல்லாம் அழைப்பு வரும். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டது, நம் அணி தோற்றுவிட்டது, உன் கார் இன்னும் வழியிலேயே நிற்கிறது, டயரை மட்டும் எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். தெற்கு நெடுஞ்சாலையோரச் சிறையில் அந்த இரண்டு மணி நேரமும் எல்லா அறைகளிலும் ஒரே குரல்தான்.

லொரேட்டாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. வெயிலானாலும் குளிரானாலும் தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி. தேநீரில் நான்கு கரண்டி சர்க்கரை போடுவார். வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் கணவருக்கு மட்டும் ஒரு கரண்டிகூடக் கிடையாது. யாருக்காக யார் அழைத்தாலும், அவன் ஏன் உள்ளே போனான் என்று அவர் கேட்டதில்லை. "அதக் கேக்கத்தான் சம்பளம் குடுத்து நீதிபதி வெச்சிருக்காங்களே" என்பார்.

அவருடைய முதல் அழைப்பாளர் எப்போதும் ஒருவர்தான்: பெஸ்ஸி நங்காலா. உறவில் அண்ணி. பெஸ்ஸியின் கடைசி மகன் பதினைந்து மாதமாக உள்ளே இருந்தான். நான்கு மணி செய்தி முடிந்ததும் தொலைபேசி அடிக்கும். பெஸ்ஸி மகனை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பதுபோல. பின்னணியில் அவருடைய நாய் குரைக்கும். போலீஸ் வண்டியைக் கண்டால் மட்டும் வாலை ஆட்டும் என்பதால் அதற்கு சார்ஜன்ட் என்று பெயர். தாயின் பேச்சு, நாயின் குரைப்பு, பிறகு ஒரு பாட்டு. இந்த வரிசை ஒரு வாரமும் மாறியதில்லை.

இந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு புதன்கிழமை, பெஸ்ஸியின் கணவருடைய அண்ணன் இறந்துபோனார். அதாவது அந்த மகனுக்குப் பெரியப்பா. பையனுடைய சொந்த அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவனுக்கு அப்பா என்றால் இவர்தான். வேட்டைக்கு அழைத்துப் போனது, சடங்குகளில் பக்கத்தில் நின்றது, நீதிமன்றத்தில் பின் வரிசையில் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தது எல்லாம் இவர். பையன் பிறந்தபோது வைத்ததும் இவர் பெயரைத்தான்.

சிக்கல் அங்கேதான். இறந்தவரின் பெயரைப் பழங்குடிகளான நாங்கள் வாயால் சொல்வதில்லை. அதே பெயர் கொண்டு உயிரோடிருப்பவர்களும் அந்த நாள் முதல் அதை இழந்துவிடுவார்கள். கடையிலும் கால்பந்து மைதானத்திலும் எல்லோரும் அவர்களைக் குமஞ்சாயி என்று பொதுவாகக் கூப்பிடுவோம். துக்கம் தீரும்வரை அப்படித்தான். அதனால் நானும் அந்தப் பையனின் பெயரை இங்கே எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மதியமே லொரேட்டா சிறைக்குத் தொலைபேசி போட்டார். இப்படிப்பட்ட செய்தியை ஆள் நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லவேண்டும். அதுவும் சொல்லத் தகுந்த உறவுக்காரர் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களுக்கென்று அங்கே இருக்கும் தொடர்பு அதிகாரி திங்கட்கிழமைதான் வருவார் என்று பதில் வந்தது. பையனுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

மூன்றரை மணிக்கு பெஸ்ஸி நிலையத்துக்கே வந்துவிட்டார். நெற்றியிலும் கைகளிலும் துக்கத்துக்குப் பூசும் வெள்ளைக் களிமண். பின்னாலேயே சார்ஜன்ட். கணவரின் அண்ணன் போனதால் பெஸ்ஸி பேசக் கூடாது. துக்கக் காலம் முடியும்வரை எல்லாம் கை ஜாடைதான்.

"நாய் உள்ள வரக் கூடாது" என்றார் பிரெண்டன். "போன தடவ மைக் ஒயரக் கடிச்சு வெச்சுது."

பெஸ்ஸியின் கை வேகமாக அசைந்தது.

"என்ன சொல்றாங்க?"

"அத நான் இங்கிலீஷ்ல சொன்னா நம்ம லைசென்ஸ் போயிடும்" என்றார் லொரேட்டா. பிறகு பெஸ்ஸியிடம் திரும்பி, "அண்ணி, வாய மூடினாலும் உங்க கை மூடாதுபோல. உக்காருங்க" என்றார்.

பெஸ்ஸி உட்கார்ந்தார். கை மெதுவானது. அவர் கேட்டது ஒன்றுதான்: மகனுக்கு இன்று வாழ்த்துப் போகவேண்டும். ஆனால் பெரியப்பா போனதை அவன் வானொலிப் பெட்டியிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது.

"பேர் வேண்டாம். 'மகனே'ன்னு மட்டும் சொல்லிடேன்" என்றார் பிரெண்டன்.

"பதினஞ்சு மாசமா முழுப் பேரச் சொல்லிக் கூப்பிட்ட அம்மா, இன்னிக்கு மட்டும் மகனேன்னா? அவன் என்ன முட்டாளா?"

"அப்போ குலப்பெயர்?"

"ஜபால்ஜாரின்னா அங்க முப்பது பேர் எழுந்து நிப்பாங்க. ஒவ்வொருத்தனும் தன் அம்மாவுக்கு என்ன ஆச்சோன்னு அழுவான்."

பெயரைச் சொன்னால் துக்க வீட்டை மிதித்ததாகும். குமஞ்சாயி என்று சொன்னால் அந்த நொடியே தெரிந்துவிடும். அவனுடைய பெயரில் அவனைத் தவிர அந்தப் பெரியப்பா ஒருவர்தானே இருந்தார். ஒன்றும் சொல்லாமல் விட்டால், தாய்க்கு என்னவோ ஆகிவிட்டது என்று சுவரில் முட்டிக்கொள்வான்.

நான்கு மணி செய்தி முடிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. லொரேட்டா வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார். கதவுக்கு வெளியே பிரெண்டன் பிடித்து வைத்திருந்த சார்ஜன்ட், பெஸ்ஸியைக் காணாமல் தொண்டை கிழியக் குரைத்தது. கண்ணாடி அதிர்ந்தது. லொரேட்டா ஒரு கணம் மைக்கையே பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார். நாய் பாய்ந்து உள்ளே வந்து பெஸ்ஸியின் மடியில் முகத்தை வைத்து இன்னொரு முறை குரைத்தது.

"கேட்டீங்களா?" என்றார் லொரேட்டா மைக்கில். "இது யார் நாய்னு தெரியவேண்டியவனுக்குத் தெரியும். நாய் சௌக்கியம். நாயோட எஜமானியம்மாவும் சௌக்கியம், இதோ என் எதிர்லதான் உக்காந்திருக்காங்க. அவங்க சேதி இன்னிக்குக் கடைசியிலதான் வரும். தம்பி, அவசரப்படாத. இப்போ பாட்டு."

பாட்டு ஓடும்போது தொலைபேசி அடித்தது. ஷெரில். அவளுடைய அப்பா ஹெக்டர் ஜங்காலா, உரிமம் இல்லாமல் மூன்றாவது முறையாக வண்டி ஓட்டியதற்கு உள்ளே இருப்பவர். சிறைச் சமையலறையில் வேலை. பெஸ்ஸிக்குத் தம்பி முறை.

"சித்தி, அப்பா காலைல போன் பண்ணாரு. நான் விஷயத்தச் சொல்லிட்டேன். தப்பா?"

"உன் வாய்க்குச் சர்க்கரதான் போடணும். அவர் அவன்கிட்ட சொல்லிட்டாரா?"

"இல்ல. அப்பா காலைலருந்து சமையல்கட்டுல. அஞ்சு மணிக்குச் சாப்பாடு போடும்போதுதான் அவனப் பாப்பாரு. நான் சொல்லலாமா, அது என் வேலையான்னு அப்பாவுக்கு ஒரே தயக்கம். அக்காவே கேட்டாத்தான்னு சொல்றாரு."

லொரேட்டா பெஸ்ஸியைப் பார்த்தார். தாய்மாமன். அவரைவிடத் தகுந்த ஆள் யார்? அவனே சொல்லட்டும் என்று பெஸ்ஸியின் கை ஒரே ஒரு முறை அசைந்தது. வெகு நேரம் அப்படியே நின்றது.

அடுத்த பாட்டுக்கு முன்னால் லொரேட்டா எங்கள் பாஷைக்கு மாறினார். "சமையல்கட்டுல இருக்கிற ஹெக்டர் ஜங்காலாவுக்கு. கொழுந்தனாரே, உங்க அக்கா இங்க இருக்காங்க. நீங்க யோசிச்சிட்டிருக்கிற வேலைய நீங்களே செய்யணுமாம். உங்க கையாலதான் நடக்கணுமாம். வேல முடிஞ்சதும் நேரா மருமகன்கிட்ட போங்க. எந்த மருமகன்னு கேக்காதீங்க, உங்களுக்கு நூறு இருந்தாலும் தெரியும். குழம்பு தீஞ்சாலும் பரவாயில்ல, எவனும் வித்தியாசம் கண்டுபிடிக்கமாட்டான்."

அதற்குப் பிறகு வழக்கமான வெள்ளிக்கிழமைதான். பல், டயர், கால்பந்து. அந்த நேரத்தில் சிறையிலிருந்து இந்தப் பக்கம் எதுவும் வராது. ஹெக்டர் கேட்டாரா, எழுந்து போனாரா, காவலர் விட்டாரா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஐந்து மணியிலிருந்து லொரேட்டா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பெஸ்ஸிதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தரை ஆனதும், இப்போது சொல்லலாமா என்று லொரேட்டா கேட்பதுபோல் பார்க்க, பெஸ்ஸி தலையசைத்து மறுத்தார். இன்னொரு பாட்டுப் போனது. இன்னும் ஒன்று. பிறகு பெஸ்ஸி தன் கையை மேசைமேல் வைத்து, சரி என்று தலையை ஆட்டினார்.

"குமஞ்சாயி" என்றார் லொரேட்டா.

அந்தச் சொல்லுக்குப் பிறகு சற்று நேரம் விட்டார். வானொலிக்காரர்கள் அப்படி விடுவதில்லை.

"குமஞ்சாயி, அம்மா இங்கதான் இருக்காங்க. நல்லா சாப்பிடுறாங்க. பக்கத்துல இருக்கிற மாமாவ விடாத. அத்தை சொல்றேன், நீ தனியா இல்ல. நாங்களும் தனியா இல்ல."

பெஸ்ஸி நாயின் கழுத்தைத் தட்டினார். சார்ஜன்ட் ஒரு முறை, சாதுவாகக் குரைத்தது.

சனிக்கிழமை ஹெக்டர் மகளை அழைத்துச் சொன்னது இது: சமையல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் போனாராம். நாய் குரைத்ததைச் சொல்லிச் சொல்லிப் பையன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டானாம். குமஞ்சாயி என்று வானொலியில் வந்தபோது அவன் தலை ஏற்கெனவே ஹெக்டர் தோளில் இருந்தது. அந்தப் பகுதியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். "குழம்பு மட்டும் தீயல, லொரேட்டாகிட்ட சொல்லு" என்றாராம்.

திங்கட்கிழமை லொரேட்டா இறுதிச் சடங்கு விடுப்புக்காக மறுபடி சிறைக்குப் பேசினார். நெருங்கிய உறவு என்றால்தான் அனுப்புவார்கள்.

"இறந்தவர் அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் அந்தப் பெண் அதிகாரி.

"அப்பா."

"அவங்க அப்பா ஆறு வருஷம் முன்னாடியே இறந்துட்டதா இருக்கே?"

"அது சின்னவர். இது பெரியவர்."

"மாமா, பெரியப்பா மாதிரி உறவுன்னா அனுமதி இல்லம்மா."

"அதனாலதான் அப்பான்னு சொல்றேன். பொய் சொல்லல. எங்க வீட்ல யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்வாங்க. ரெண்டு அப்பாவப் பறிகொடுத்த பையன், இவரையும் மண்ணுல வெச்சிட்டு வரட்டுமே."

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார் அந்தப் பெண். வியாழக்கிழமை பதில் வந்தது: அடக்கத்துக்கு மட்டும் அனுமதி, கூட இரண்டு காவலர், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடவேண்டும்.

தூரத்து உறவுகள் எல்லாம் வந்துசேர நாள் விட்டு, அடக்கம் ஜூன் பத்தொன்பதாம் தேதி. சிறை வண்டி காலை ஆறு மணிக்குக் கிளம்பும்.