மகாராணியின் வால்

என் தம்பி பெண்டாட்டிக்கு மர விரியன்களுக்குச் சாப்பாடு போடுகிற வேலை. சாப்பாடு என்றால் எலி. உயிரியல் பூங்காவின் பாம்புக் கூடத்தில் கடைசி அறை அவளுடையது. உறைந்த எலியை வெந்நீரில் போட்டு, சூடு ஏறியதும் துடைத்து, நீளமான இடுக்கியால் கிளைக்குப் பக்கத்தில் நீட்டுவாள். விரியன் வாலால் கிளையைச் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும், கவ்வினால் விடாது. கிண்ணத்துத் தண்ணீரைத் திரும்பியும் பார்க்காது. மழை மாதிரி தெளித்தால் தன் மேல் தங்கிய சொட்டுகளைக் குடிக்கும். அத்தனை ராங்கி.

"பயமா இல்லையா?" என்று அவளைக் கேட்காத ஆள் கிடையாது. "பயந்தவளுக்கு எதுக்கு இடுக்கி?" என்பாள். அதோடு சரி. நான் தையல்காரி, ஊசி குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவள். அவளிடம் மட்டும் என் வாய் செல்லாது.

போன மாதம் தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அவள் மாதம் முழுக்க லீவு போட்டாள். கூட வேலை பார்க்கும் மீசைதான் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டான். மீசைதான் பெரிசு, மனசு வெண்ணெய். விரல் நீளக் குட்டியாக இருந்ததிலிருந்து அவள் வளர்த்த கிழட்டு விரியன் மகாராணிக்கு மாதம் ஒரு எலி போதும். "பாவம், என் வாயையே பார்க்குது" என்று இவன் வாரம் ஒன்று கொடுத்துத் தொலைத்தான். அவள் திரும்பி வந்தபோது பாம்பு பஞ்சு அதிகமாக அடைத்த தலையணை மாதிரி கிடந்தது. உள்ளே போனது எதுவும் வெளியே வரவில்லை.

"இன்னிக்குள்ள வரலைன்னா நாளைக்குக் கத்தி வைக்கணும்மா. இந்த வயசுல மயக்கம் தெளிஞ்சு எழுந்திரிக்குமான்னு சொல்ல முடியாது," என்றார் பூங்காவின் மிருக டாக்டர்.

அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவள் தூக்குவாளியைப் பார்க்கக்கூட இல்லை. அபாய மணியில் கை வைத்தபடி மீசை கதவருகே நிற்க, அவள் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்து, கொக்கிக் கம்பியால் மகாராணியைக் கிளைக்குக் கிளை ஊர வைத்தாள். கம்பி பிடித்த கை ஆடவில்லை. கடைசியில் மகாராணி பின்கதவுப் பக்கம் தலையும் கண்ணாடிப் பக்கம் வாலுமாகச் சுருண்டுகொண்டது.

கூண்டைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தாள். "பின்னாடி ஜன்னல்ல எனக்குத் தலைதான் தெரியும் அண்ணி. நீங்க இங்கேருந்து வாலைப் பாருங்க. தூக்கினா கை காட்டுங்க."

இதற்குத்தான் என்னைப் பெற்றார்களா என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றேன். வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், "என்ன பார்க்கறீங்க?" என்றார். "வாலை" என்றேன். அவரும் நின்றுவிட்டார்.

கால் கடுத்தது. கிளம்பிவிடலாமா என்று நினைத்த நேரத்தில் வால் மெல்ல மேலே எழும்பியது. வந்தது. தாராளமாகவே வந்தது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். பக்கத்தில் நின்றவரும் என்ன ஏது என்று தெரியாமலே தூக்கினார்.

"ரெண்டு மாசத்துக்கு எலிப் பெட்டி பக்கம் உன்னைப் பார்த்தேன், அந்த மீசை உனக்கு இருக்காது," என்று பின்பக்கம் அவள் அதட்டுவது இங்கே வரை கேட்டது.

பிறகு சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். மதியம் முழுக்க ஆடாத கை இப்போது வெடவெடவென்று நடுங்கியது.

"காலையிலேருந்து எனக்கு உயிரே இல்ல அண்ணி. அது போயிடுமோன்னு அவ்வளவு பயமா இருந்துச்சு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி சரி, கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு வா, சாப்பாடு ஆறிப்போச்சு," என்று அதட்டினேன். சொன்னேனே தவிர, அந்தக் கையை நான் இன்னும் விடவில்லை.