மயக்கம் என்று சொன்னார்கள்

என் மகள் பிறந்தபோது எனக்கு ஒரு மத்தியானம் தொலைந்து போனது. கடல் பொங்கிய 2004-ஆம் ஆண்டின் ஐப்பசி மாதம். தலைப்பிரசவத்துக்கு வழக்கம்போல மயிலாடியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழைய மறுத்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "நீர் எறங்குது, பெத்தா செரியாப் போவும்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பலகாரத்தில் பாதியை அவர்களே தின்றுவிட்டுப் போனார்கள்.

அன்று பின்னறைக் கட்டிலில் படுத்திருந்தேன். மழை விட்டு வெயில் அடித்தது. பக்கத்துப் பட்டறையில் கல் கொத்தும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று ஜன்னல் பக்கமிருந்து வெளிச்சம் துணுக்குத் துணுக்காக அறைக்குள் வந்தது. கண்ணை மூடினாலும் போகவில்லை. வெள்ளியும் நீலமுமாக மெல்ல மிதந்து, சுவரைத் தொட்டு, திரும்பி என்னிடமே வந்தன. அழகாக இருந்தது. தலை பாரமாக இருந்தது, மேல்வயிற்றில் வலி இருந்தது, ஆனாலும் அழகாகத்தான் இருந்தது. உளிச் சத்தத்தை யாரோ குளத்துக்கு அக்கரையில் கொண்டுபோய் வைத்ததுபோல் அது தூரமாகிக்கொண்டே போனது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். மறுநாள் சாயங்காலம் ஆகியிருந்தது. பக்கத்தில் துணியில் பொதிந்து என் மகள். வயிற்றில் தையல். நாக்கு தடித்துப்போய் எரிந்தது.

"எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"மயக்கம் வந்துது. வேற என்ன? பேசாம கெட," என்றாள் அம்மா.

அந்த மத்தியானத்தை நான் ஒரு கனவாகவே வைத்துக்கொண்டேன். மார்த்தாண்டம் பக்கம் புகுந்த வீட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, வேலை ஓய்ந்து படுக்கும்போதெல்லாம் அந்த வெளிச்சத் துணுக்குகளைத் தேடிப் போவேன். கணவர் வளைகுடாவில் இருந்தார். பேச ஆளில்லாத எனக்கு அது ஒரு துணை. யாரிடமும் சொன்னதில்லை. பைத்தியம் என்பார்கள்.

மகளுக்குப் பத்து வயது நெருங்கும்போது எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போய், சிரமப்பட்ட பெண்களைப் பல வருடம் கழித்துத் தேடிப்பிடித்து, இப்போது அவர்கள் இதயமும் ரத்தக் குழாயும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், மேற்கே பேசுகிற பேச்சும் கடற்கரைப் பேச்சும் வரும். அந்தத் தகுதி போதும் என்றார்.

"பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டால் நோய் தீர்ந்தது என்றுதான் நாங்கள் படித்தோம். அப்படி விட்டுவிட முடியாது என்று இப்போது தெரிகிறது," என்று முதல் நாளே சொன்னார். அந்தப் பெண்களில் பலருக்குப் பின்னால் ரத்த அழுத்தம் வந்து தங்கிவிடுகிறது, மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம், முன்கூட்டியே தெரிந்தால் காப்பாற்றலாம் என்று விளக்கினார். கர்ப்பத்தில் வலிப்பு வந்த பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு வந்திருந்தால் மகளுக்கும் வரலாம், அவள் கர்ப்பமாகும்போது முதலிலேயே டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் நான் பாடமாகவே மனப்பாடம் செய்தேன்.

வீடு வீடாகப் போய் பிரஷர் பார்ப்பேன், கேள்வித்தாளை நிரப்புவேன். 'வலிப்பு வந்ததா?' என்ற கேள்விக்குப் பெண்கள் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "இல்ல, மயக்கந்தான்." பழைய கேஸ் ஷீட்டில் வலிப்பு என்று எழுதியிருக்கும். சொல்கிறவள் முகத்தைப் பார்த்தால் சத்தியமே பேசுகிற முகம். டாக்டரம்மா நான் சரியாகக் கேட்பதில்லை என்று நினைத்தார். எனக்கு அந்தப் பெண்கள்மீது எரிச்சலாக வந்தது. உங்கள் உயிருக்குத்தானே கேட்கிறேன், எனக்கா லாபம்?

கடற்கரையில் மீன் விற்கிற ஒருத்தி வீட்டில்தான் விஷயம் பிடிபட்டது. மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அவளும் மயக்கம் என்றுதான் சொன்னாள். நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது பின்னாலேயே வந்தாள்.

"எக்கா, இஞ்ச வச்சுக் கேக்காதீங்க. எனக்க அம்மை வீட்டுல வந்து கேளுங்க."

மறுநாள் அங்கே போனேன். அவள் அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் நடப்பது. வலிப்பு வந்ததைப் பார்த்தது பிறந்த வீட்டார் மட்டும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் நோய்க்காரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பேச்சு வரும். கீழே இருக்கிற தங்கச்சிகளுக்கும் இடம் அமையாது. அதனால் மயக்கம். சில அம்மாக்கள் பெற்ற மகளிடமே அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அதன்பிறகு அந்தக் கேள்வியைப் பிறந்த வீட்டில் வைத்தே கேட்டோம். பூட்டிய பெட்டிகள் திறந்ததுபோல் பதில்கள் வந்தன. நான் கண்டுபிடித்தேன் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. அந்த நாட்களில் வயல் நடுவே ஸ்கூட்டரில் திரும்பும்போது தலை வலிக்கும். வெயில் என்று நினைத்துக்கொள்வேன். இருபுறமும் நெற்பயிர் காற்றில் சாய்ந்து எழும். எத்தனையோ பேர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிய நான் என் கையில் ஒருநாளும் சுற்றவில்லை. என் பெயர்தான் டாக்டரம்மா தந்த பட்டியலில் இல்லையே. புத்தி எனக்கு எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா தீயல் குழம்புக்குச் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே வெயில் அவள் கைமேல் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் தானாகக் கேட்டது.

"வலிப்பு வந்துதா?"

"ஆருக்கு?"

"எனக்கு."

உரிக்கிற கை நின்றது. "மயக்கம்," என்றாள், என்னைப் பார்க்காமல்.

"அம்மா, நான் இதக் கேக்கதுக்குத்தான் நாள் முழுக்க அலையுதேன்."

அம்மா இன்னொரு உள்ளியை எடுத்தாள். பிறகு உள்ளியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "மூணு மட்டம் வந்துது. நாக்கக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம். நீ என்னையே மொறச்சுப் பாத்த. ஆனா நீ என்னப் பாக்கல. போயிட்டன்னே நெனச்சேன். அடுத்த மாசம் ஒனக்க தங்கச்சியப் பொண்ணு பாக்க வாறதா இருந்துது."

"எனக்கிட்டயாவது சொல்லப்பிடாதா?"

"கோவம் வந்தா நீ மாப்பிளட்ட சொல்லிருவ. ஒனக்க வாய் எனக்குத் தெரியாதா? ரெண்டாவது புள்ள வேண்டாம், வேண்டாம்னு ஒன்னப் போட்டு அரிச்சது பின்ன எதுக்கு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. இத்தனை வருடம் நான் ரகசியமாகப் போய் உலாவிவந்த அந்த அழகான மத்தியானத்தில், இவள் தனியாக என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அலறியிருக்கிறாள். நான் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பவும் ஆருட்டயும் சொல்லாண்டாம்," என்றாள் அம்மா. "பொம்பளப் புள்ள வச்சிருக்க. நாளைக்கு இவளுக்கு ஒரு இடம் வரும்போ இது தடையா நிக்கும்."

மகளின் கல்யாணத்துக்காக அதை மறைத்தால், நாளை அவள் வயிற்றில் பிள்ளையோடு ஒன்றும் தெரியாமல் நிற்பாள். அதைச் சொல்லத்தான் நான் ஊர் ஊராகப் போகிறேன். எழுந்துபோய்ப் பையிலிருந்த மெஷினை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தேன். சுவரில் சாய்ந்து, மற்றவர்களிடம் சொல்வதுபோலவே ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தேன். பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினேன். கை இறுகி, மெல்லத் தளர்ந்தது. மகள் வந்து என் தோளில் முகவாயை வைத்து எட்டிப் பார்த்தாள்.

"நூத்தி அறுபத்தெட்டு. கீழ நூத்தி ரெண்டு," என்று படித்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினேன். ஏறக்குறைய அதேதான் வந்தது.

"இது கூடுதலாம்மா?"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லி மழுப்பிவிட என் நாக்கு தயாராக இருந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பயந்துபோனேன்.

"கூடுதல்தான் மக்கா," என்றேன். "நீ பொறக்கும்போ எனக்கு ஒரு சீக்கு வந்துது. அதுக்க மிச்சமாக்கும் இது. நாளைக்கு டாக்டரப் பாக்கணும்."

"என்ன சீக்கு?"

அன்று நான் அங்கே இருந்தும் இல்லாதவள். அம்மா உள்ளி முறத்தைத் தள்ளி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

"ஒனக்க அம்மைக்கு அது ஓர்ம இல்ல," என்றாள். "பாத்தது நானாக்கும். நான் சொல்லுதேன், கேளு."