ஜவுளிக்கடையும் இரண்டு குடம் தண்ணீரும்

சித்தி வேலை கேட்டுப் போன நாட்களில் அவளுக்குத் துணையாகப் போனவள் நான். நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். என்னை நம்பித்தான் சித்தி தெருவில் இறங்குகிறாள் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. குளத்தூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவள், ஒரு புரட்டாசி மாதம் டிரங்குப் பெட்டியோடு தனியாகக் கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பெட்டிக்கு எப்போதும் பூட்டு, சாவி இடுப்பில். சேலை துவைத்துக் காய்ந்ததும் மடித்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாள். ஐப்பசி பிறந்ததும் அப்பா சொல்லிவிட்டார். "தீபாவளிக்கு அவ புருசன் வீட்லதான் இருக்கணும். ஞாயித்துக்கெழமை நானே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்."

"ஒரு வேலை கெடச்சா இங்கனயே இருந்துக்கிடுதேன் அத்தான்" என்றாள் சித்தி.

"கெடச்சா இரு" என்றார் அப்பா, கிடைக்காது என்ற தைரியத்தில்.

புதன்கிழமை பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். உள்ளே தரை முழுக்க வெள்ளை விரிப்பு. கடைக்கார அண்ணாச்சிக்கு அதன்மேல் உயிர்.

"பொம்பளையாள் வைக்கிற வழக்கம் இல்லம்மா. தீபாவளி கழிச்சு வா, பாப்போம்."

"தீபாவளிக்குத்தான அண்ணாச்சி கூட்டம்? கழிச்சு வந்து ஈயா ஓட்ட?"

எனக்கே பயமாகிவிட்டது. வியாழனன்றும் போனோம், அதே பதில். வெள்ளியன்று அண்ணாச்சி ஏறிட்டும் பார்க்கவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் கடை வாசலிலேயே ஒதுங்கி நின்றோம். வீட்டுக்குப் போகலாம் என்று நான் நச்சரித்தேன். சித்தி காதில் விழவில்லை, அவள் வருகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை பெய்துவிட்டால் கரிசல் மண் யாரையும் சும்மா விடாது. காட்டுப்பாதையில் நடந்து பஸ் ஏறி வரும் சனங்களின் பாதத்தில் அடை அடையாக அப்பியிருக்கும். துணி எடுக்க வந்தவர்கள் வெள்ளை விரிப்பைப் பார்த்தார்கள், தங்கள் காலைப் பார்த்தார்கள், சிமெண்டுத் தரை போட்ட எதிர்க்கடைக்கு நடையைக் கட்டினார்கள். போ என்று அவர்களை யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, முற்றத்தில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரில் ஒரு குடத்தைச் சித்தி இடுப்பில் தூக்கினாள். குழாயில் பத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வருகிற ஊர். அம்மா பதறிப்போனாள். என் கையில் செம்பு, சாக்கு, ஒரு கொட்டாங்கச்சிச் சில்லு. யாரையும் கேட்காமல் சித்தி கடைப் படியில் குடத்தை இறக்கினாள்.

"வாங்க மயினி, மண்ணைச் சொரண்டிட்டு ஏறுங்க. இங்கன தண்ணி இருக்கு."

முதலில் வந்தது ஒன்பது பேர் கொண்ட குடும்பம். குனிய முடியாத பெரியம்மாவுக்குச் சித்தியே சில்லால் மண்ணைச் சுரண்டிக் காலைக் கழுவிவிட்டாள், நான் தண்ணீர் ஊற்றினேன். பிறகு அவர்களோடு தானும் உள்ளே ஏறி, விரிப்பில் உட்கார்ந்து, சேலையை எடுத்து விரித்தாள். "இது அழுக்குத் தாங்கும் பெரியம்ம, காட்டு வேலைக்கும் கட்டலாம்." சேலை எடுத்துப்போடும் ஆண்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் குடம் காலியானபோது, தன் வீட்டிலிருந்து இன்னொரு குடம் கொண்டுவர ஆள் அனுப்பினார்.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் கேட்டார். "எப்பம்மா வேலைக்கு வாரே?"

"வந்து நாலு நாளாச்சு அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்தால், மறுநாள் பயணத்துக்கு டிரங்குப் பெட்டியை அப்பா நடைவாசலில் எடுத்து வைத்திருந்தார். சித்தி அதை உள்ளே தூக்கிப்போய்த் திறந்து, சேலைகளையெல்லாம் அம்மாவின் அலமாரியில் அடுக்கினாள். பூட்டையும் சாவியையும் விளையாட எனக்குக் கொடுத்துவிட்டாள். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். 'கெடச்சா இரு' என்று சொன்ன சொல் சொன்னதுதான், சாப்பிட உட்கார்ந்தார்.

ஒரே வாரத்தில் அந்தப் பூட்டையும் சாவியையும் தொலைத்துவிட்டேன். பென்சிலைத் தொலைத்தாலே முதுகு பழுக்கும் வீடு அது. அடிக்குப் பயந்து இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் தேடினேன். கடைசியில் அழுதுகொண்டே சொன்னபோது அம்மா என்னைத் திட்டவில்லை, சித்தியைப் பார்த்தாள்.

"தேடாதட்டி" என்றாள் சித்தி, சிரித்துக்கொண்டே. "தொலைஞ்சது தொலைஞ்சதாவே இருக்கட்டும்."

அடி விழவில்லை என்ற சந்தோசத்தில், ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.