பூக் கேட்கப் போன கார்

ஜாதகம் பொருந்தியிருந்தது. நகைப் பேச்சும் முடிந்திருந்தது. அப்புறமும் எனக்குப் பார்த்த மாப்பிள்ளை கைவிட்டுப் போனது, நானே கத்தரியால் வெட்டிய ஒரு சைக்கிள் டியூப் துண்டால்தான். சொன்னால் சிரிப்பார்கள் என்று ரொம்ப காலம் யாரிடமும் சொல்லவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், எனக்கென்ன!

கார் அப்பா விட்டுப்போனது. எழுபதுகளின் நடுவில், பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிக் கிடந்தபோது, அண்ணன் இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் என்று ஊற்றித்தான் அதை ஓட்டினார். பாதி நாள் கிளம்பாது. அவர் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பார், நான் உள்ளே உட்கார்ந்து அவர் சொல்லும்போது செல்ஃப் அடிப்பேன். டாங்கிலிருந்து பைப் வழியாகப் பெட்ரோல் பம்புக்கு வரும், பம்பு அதை கார்புரேட்டருக்குத் தள்ளும், எங்கே அடைத்தாலும் வண்டி படுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. வயசுக்கு வந்த பெண் இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பதை அம்மா வெளியில் மூச்சுவிட மாட்டார்.

மாப்பிள்ளைக்கு ஊர் எருமப்பட்டிப் பக்கம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று நான் காபி நீட்டியபோது, "சுடுதுங்க, பாத்துங்க" என்று எனக்குச் சொன்னார். கொடுக்கிறவளுக்குச் சூடு சொன்ன மனுசனை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாக்கி இருந்தது ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வத்திடம் பூக் கேட்க வேண்டும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். இரண்டு வீட்டாரும் எங்கள் காரிலேயே போவது என்று அண்ணன் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

அந்தக் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தால் பெட்ரோல் நாற்றம் குமட்டும். டாங்கு மூடியில் குண்டூசித் தலை அளவு ஓர் ஓட்டை இருந்தது. நாற்றம் அது வழியாகத்தான் வருகிறது என்று நான் முடிவு கட்டினேன். வருங்கால மாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு வரக்கூடாதே! முதல் நாள் சாயங்காலம் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் தடவி, மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். ஓட்டை நன்றாக அடைந்தது. மறுநாள் காலையில் அண்ணன், மானம் போகக்கூடாதென்று டாங்கு வழிய வழியப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வந்தார்.

முன்சீட்டில் அண்ணனும் மாப்பிள்ளையின் அப்பாவும். பின்னால் அம்மா, நடுவில் நான், அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். மூன்று மைல் தாண்டியிருக்க மாட்டோம், கார் இரண்டு முறை குலுங்கி நின்றது.

"என்னுங் தம்பி, நல்ல காரியத்துக்குப் போறப்ப நிக்குது?" என்றார் பெரியவர்.

"பில்டர்ல குப்பைங் மாமா. அஞ்சே நிமிசம்."

அண்ணன் டாங்கு மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். என் முதுகுக்குப் பின்னால் 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. மூடியைப் போட்டுவிட்டு, முன்னால் வந்து பில்டர் குப்பியைக் கழற்றித் துடைத்தார். கார் கிளம்பியது. பில்டர்தான் என்று எல்லாரும் நிம்மதியானார்கள்.

அடுத்த மூன்று மைலில் மறுபடி நின்றது. இந்த முறை மாப்பிள்ளை இறங்கி வந்து, பம்பிலிருந்து பைப்பைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். டாங்குக்குள் குடகுடவென்று கேட்டது. வெள்ளைச் சட்டையில் பெட்ரோல் சொட்ட, காறித் துப்பிவிட்டு, "பைப்புல தூசிங்க" என்றார். கார் கிளம்பியது. எனக்கு அப்போதுதான் வீட்டு எண்ணெய் டின் ஞாபகம் வந்தது. எண்ணெய் டின்னில் ஓர் ஓட்டை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கி வந்து நின்றுபோகும். காற்றுப் போக எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட வேண்டும். அடுப்படியில் தினமும் செய்கிற வேலை! பில்டரிலும் இல்லை, பைப்பிலும் இல்லை. மூடியைத் திறந்தபோதும் பைப்பில் ஊதியபோதும் டாங்குக்குள் காற்றுப் போயிருக்கிறது, அதனால்தான் கிளம்பியிருக்கிறது. டாங்கு நிறைந்து கிடப்பதால் உள்ளே இருந்த கொஞ்சம் காற்று மூன்று மைலுக்குக்கூடப் போதவில்லை.

மூன்றாவது முறை நின்றது ஒரு சோளக் காட்டோரம். நல்ல வெயில். பெரியவர் இறங்கி மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சாலையையே பார்த்தார். நான் அம்மா காதில், "மூடியில நான் ரப்பரு வெச்சிருக்கறேன். அதை எடுக்கச் சொல்லு" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். தோல் கன்றிப் போகிற கிள்ளு.

"வாய மூடிக்கிட்டு உக்காரு புள்ள. காரு ரிப்பேரு பண்ற மருமகளையா அவங்க தேடறாங்க?"

என் கல்யாணம் என் கண்ணெதிரே நின்றுபோய்க்கொண்டிருந்தது, நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை பின்பக்கம் போய் மூடியைத் திறந்தார். மறுபடி புஸ். அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதற்குள் பெரியவர் வாயைத் திறந்துவிட்டார்.

"போதுமுங் தம்பி. சாமிகிட்டப் போயித்தான் கேக்கோணுமா? வழியிலயே மூணு தடவ சொல்லிப்போட்டுது."

மாப்பிள்ளை மூடியைப் போட்டுத் திருகினார். அண்ணன் ஓடிப்போய் செல்ஃப் அடித்தார். பிடித்துக்கொண்டது. "மாமா, கெளம்பிருச்சுங்க, பாருங்க!" என்று கத்தினார்.

"கெளம்பட்டும். ஊட்டுக்குத் திருப்பிக்கிட்டுப் போங்க."

மாப்பிள்ளையின் அம்மா இறங்கும்போது என் கன்னத்தைத் தொட்டு, "நல்லா இரு அம்மிணி" என்றார். வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிளும் பின்னாலேயே போய்விட்டது.

நான் இறங்கி மூடியைக் கழற்றி ரப்பரைப் பிய்த்து அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பஸ்ஸு ஊரு சேர்றதுக்குள்ள போயிரலாங்ண்ணா. இதனாலதான் நின்னுதுன்னு சொல்லிப்போடலாம்" என்று கெஞ்சினேன்.

அம்மா விடவில்லை. "என்னன்னு சொல்லுவ? சாமி வேண்டான்னுதுன்னா இன்னொரு எடம் பாக்கலாம். பொண்ணே வண்டிய அடச்சு நிறுத்திப்போட்டாள்னு பேரு வந்தா ஒருத்தனும் படியேற மாட்டான்."

அண்ணன் ரப்பரைச் சோளக் காட்டில் எறிந்துவிட்டு ஸ்டீயரிங்கை வீட்டுப் பக்கம் திருப்பினார். அன்றைக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அடுத்த வைகாசிக்கு முன்னால் அந்த மாப்பிள்ளையே எங்கள் வீட்டுக்கு வந்தார், தன் கல்யாணப் பத்திரிகையோடு. அண்ணனும் அம்மாவும் களையெடுக்கக் காட்டுக்குப் போயிருந்தார்கள். நான்தான் வாங்கினேன். வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு வருசமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"அன்னிக்கு வண்டி நின்னது சாமியால இல்லீங்க. மூடி ஓட்டைய நாந்தான் ரப்பரு வெச்சு அடச்சிருந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியுமுங்க. மூணாவது தடவ மூடி தொறக்கையில பாத்தனுங்க."

"பாத்தீங்களா? அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"அப்பா வாயில சாமி பேரு வந்துருச்சுங்க. அதுக்கு மேல நான் ரப்பருன்னு சொன்னா, அவரை எதுத்த மாதிரி ஆயிருமுங்க."

அட பாவி மனுசா! ஒரு வருசம் என்னையே நான் தின்றுகொண்டிருந்தேனே! நான் கிள்ளுக்குப் பயந்தேன், நீ எதற்குப் பயந்தாய்? இதையெல்லாம் மனசுக்குள் கேட்டுக்கொண்டே பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். அவர், "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

அவருடைய கல்யாணத்துக்கு அண்ணன் அந்தக் காரில்தான் போய் வந்தார். வழியில் எங்கேயும் நிற்கவில்லையாம்.